திரும்பி வந்த உறையும் தள்ளுபடியான வழக்கும்

கேள்வி: ஐயா, நான் பதினான்கு ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். என் தம்பி இம்மாநிலச் சிறையொன்றில் 11 ஆண்டுத் தண்டனை அனுபவித்து வருகிறான். சர்க்கரை நோயாளியான அவனுக்கு 2021-இல் காலில் புண் வந்தது. ஆறு வாரமாக எழுதிக் கேட்டும் ஒழுங்கான சிகிச்சை கிடைக்காமல், அந்த நவம்பரில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சிறைக்குள் கொடுத்த குறைதீர்ப்பு மனு ஐந்து மாதம் கழித்து நிராகரிக்கப்பட்டது. 2024 மார்ச்சில், வக்கீல் இல்லாமல் தானே கைப்பட எழுதி, ஒரு செவிலியர் மீதும் இரண்டு அதிகாரிகள் மீதும் வட கலிபோர்னியா ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டான். 2025 பிப்ரவரியில் அவனை வேறு சிறைக்கு மாற்றி, முதல் ஏழு வாரம் தனிமை அறையில் வைத்தார்கள். பெட்டி வரவில்லை என்று 602 என்ற குறைதீர்ப்புப் படிவம் கொடுத்தும், அவனுடைய காகிதப் பெட்டி மே மாதம்தான் வந்து சேர்ந்தது. துறையே நீதிமன்றத்துக்குப் புது முகவரியைத் தெரிவித்துவிடும் என்று நினைத்து அவன் இருந்துவிட்டான். அக்டோபரில் வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்டபோதுதான், "வழக்கை நடத்தத் தவறியமைக்காக, உரிமைக்குப் பாதகமின்றித் தள்ளுபடி" என்று ஜூன் மாதமே உத்தரவாகிவிட்டது தெரிந்தது. இப்போது ஜனவரி. சிறை செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக இதற்கு அர்த்தமா? பாதகமின்றி என்பதால் சாவகாசமாகப் புது வழக்குப் போடலாமா? ஊரில் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல், "தாமதத்துக்கு ஒரு மனு, கோப்புக்கு எடுக்க ஒரு மனு, இரண்டும் போட்டால் முடிந்தது" என்கிறார். அவனுக்காக நான் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா? 350 டாலர் கட்டணம் என்று அவன் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதையாவது நிறுத்துவார்களா? மூன்று வழக்குகள் தள்ளுபடியானால் கட்டணச் சலுகை போய்விடும் என்கிற மூன்று முறை விதியை நினைத்தும் அவன் பயப்படுகிறான். இப்படித் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பியின் கோப்பை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதையும், உடன் அனுப்பிய உத்தரவு நகலையும், நீதிமன்றத்தின் இணையப் பதிவேட்டிலிருந்து பக்கத்துக்கு 10 சென்ட் கட்டி நீங்கள் எடுத்தனுப்பிய நடவடிக்கைக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். "உரிமைக்குப் பாதகமின்றி" என்ற சொற்களை நம்பி ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். புது வழக்குக்கான காலவரம்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இறந்த வழக்கை உயிர்ப்பிப்பதுதான் உங்கள் தம்பிக்கு மீதமிருக்கும் உருப்படியான வழி.

நீங்கள் அனுப்பிய பதிவேட்டுப் பக்கத்தில் கடைசி மூன்று வரிகளையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். மார்ச் முதல் வாரத்தில் நீதிபதியின் உத்தரவு ஒன்று தம்பியின் பழைய சிறை முகவரிக்கு அஞ்சலில் போயிருக்கிறது. மார்ச் கடைசியில் அந்த உறை, கைதி இங்கே இல்லை என்ற குறிப்போடு நீதிமன்றத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அதன்பின் இரண்டு மாதங்களுக்கு எதுவுமே பதிவாகவில்லை. ஜூனில் தள்ளுபடி உத்தரவு. அந்த வெற்றிடம்தான் வழக்கைக் கொன்றது. வட கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றத்தின் உள்ளூர் விதி 3-11, வக்கீல் இல்லாமல் வழக்காடுபவர் முகவரி மாறினால் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அனுப்பிய தபால் திரும்பி வந்து 60 நாட்களுக்குள் புது முகவரி வராவிட்டால் வழக்கைப் பாதகமின்றித் தள்ளுபடி செய்யலாம் என்றும் அதே விதி சொல்கிறது. நீதிபதி அந்த 60 நாளை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, இல்லை என்பதே பதில். சிறை செய்தது சரியா தவறா என்ற இடத்துக்கு நீதிமன்றம் போகவே இல்லை. சொல்லப்போனால், திரும்பி வந்த அந்த மார்ச் உத்தரவு தம்பிக்குச் சாதகமானது. கைதி அரசு ஊழியர்கள் மீது போடும் வழக்கை எதிர்த்தரப்புக்கு அனுப்புமுன் நீதிபதி தானே படித்துச் சல்லடை போட வேண்டும் என்பது சட்டம். அப்படிப் படித்த நீதிபதி, செவிலியர் மீதான குற்றச்சாட்டு விசாரணைக்கு ஏற்றது என்று சொல்லியிருக்கிறார். மற்ற இருவரைப் பற்றிக் கூடுதல் விவரம் சேர்த்து 28 நாளில் திருத்திய மனுவைத் தாக்கல் செய்யலாம், இல்லையேல் செவிலியர் மீது மட்டும் வழக்கைத் தொடரலாம் என்றும் வழிகாட்டியிருக்கிறார். இந்த வகை வழக்குகள் பலவும் இந்தச் சல்லடையிலேயே உதிர்ந்துவிடுகின்றன. உங்கள் தம்பி கைப்பட எழுதிய மனு அதைத் தாண்டியிருக்கிறது, அந்தச் செய்தி மட்டும் அவர் கையில் போய்ச் சேரவில்லை.

இந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதி 41(b), வாதி வழக்கை நடத்தத் தவறினாலோ விதிகளுக்கும் உத்தரவுகளுக்கும் கட்டுப்படாவிட்டாலோ தள்ளுபடி கோரலாம் என்கிறது. எதிர்த்தரப்பு கேட்காமலே நீதிபதி தானாக அப்படிச் செய்யலாமா என்ற ஐயத்தை, 1962-இல் லிங்க் எதிர் வபாஷ் ரயில்ரோடு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அங்கே வாதி கைதியல்ல. அவருடைய வக்கீல் ஒரு நாள் முன்விசாரணைக் கூட்டத்துக்கு வராததால் ஆறாண்டு வழக்கு ஒரே பிற்பகலில் போயிற்று. நீதிமன்றம் தன் கோப்புகளை நிர்வகிக்கும் இயல்பான அதிகாரத்தில் இதுவும் அடங்கும் என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. கலிபோர்னியா அடங்கிய ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தள்ளுபடிக்கு முன் ஐந்து விஷயங்களை எடைபோடச் சொல்கிறது. வழக்குகள் விரைந்து முடிவதில் பொதுமக்களுக்குள்ள அக்கறை, நீதிமன்றத்தின் வேலைப்பளு, எதிர்த்தரப்புக்கு நேரும் பாதிப்பு, வழக்கைச் சாரத்தின் அடிப்படையில் தீர்க்க வேண்டும் என்ற கொள்கை, இதைவிடக் கடுமை குறைந்த வழி உண்டா என்பது ஆகிய ஐந்தும்தான் அவை. ஆனால் முகவரி தெரியாத வாதி என்று வந்துவிட்டால் இந்த எடை ஒரு பக்கமாகவே சாய்ந்துவிடுகிறது. 1988-இல் கேரி எதிர் கிங் வழக்கில் அதே நீதிமன்றம், முகவரியைத் தெரிவிக்கும் பொறுப்பு வாதியுடையது, ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று ஓர் அறிவிப்பு அனுப்பினால் அதுவும் தபாலில் போய்த் தபாலிலேயே திரும்பி வரும், அவ்வளவுதான் என்று சொல்லித் தள்ளுபடியை உறுதிசெய்தது.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைதி தானாக வீடு மாறுவதில்லை. அவரைப் பேருந்தில் ஏற்றி இடம் மாற்றுவது அரசு. அவர் எங்கே இருக்கிறார் என்று அரசுக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். வழக்கும் பெரும்பாலும் அதே அரசின் ஊழியர்கள் மீதுதான். துறையின் இணையதளத்தில் பெயரையும் கைதி எண்ணையும் இட்டால் யாரும் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விவரத்துக்காக வழக்கைச் சாகவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, மனுவில் இந்த ஆதங்கத்தைக் கொட்டுவதால் தம்பிக்குப் பயனில்லை.

இனி அந்த "பாதகமின்றி" விஷயத்துக்கு வருகிறேன். அச்சொற்களின் பொருள், இந்தத் தள்ளுபடியைக் காட்டி நாளைக்கு யாரும் "இது ஏற்கெனவே தீர்ந்த வழக்கு" என்று தடுக்க முடியாது என்பது மட்டுமே. அது சொல்லப்படாவிட்டால் விதி 41(b)-இன்படி தள்ளுபடி பொதுவாகச் சாரத்தின் மீதான தீர்ப்பாகவே கருதப்படும், ஆகையால் அச்சொற்கள் இருப்பது நல்லதுதான். ஆனால் அவை காலவரம்பை நிறுத்தி வைப்பதில்லை. தள்ளுபடியான வழக்கு, காலவரம்பைப் பொறுத்தவரை, போடாத வழக்குக்குச் சமம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1871-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வந்த, அரசு ஊழியர்கள் உரிமையை மீறினால் வழக்குப் போட இடம் தரும் 1983 என்ற எண்ணுள்ள பிரிவின் கீழ்தான் தம்பியின் வழக்கு. அப்பிரிவுக்கென்று தனிக் காலவரம்பு கிடையாது. அந்தந்த மாநிலத்தில் உடற்காய வழக்குக்கு என்ன காலமோ அதையே கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் வில்சன் எதிர் கார்சியா வழக்கில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் அது 2 ஆண்டுகள். ஆயுளுக்குக் குறைந்த தண்டனையில் சிறையிலிருப்பவர் இழப்பீடு கேட்டால், இம்மாநில நடைமுறைச் சட்டத்தின் 352.1 பிரிவு மேலும் 2 ஆண்டுகள் வரை கடிகாரத்தை நிறுத்தி வைக்கிறது. 2021 நவம்பரோடு 4 ஆண்டுகளைக் கூட்டினால் 2025 நவம்பர். அது போய்விட்டது. சிறைக்குள் குறைதீர்ப்பு மனு நிலுவையில் இருந்த காலத்தையும் கழிக்க வேண்டும் என்பது ஒன்பதாம் வட்டாரத்தின் சட்டம். அந்த ஐந்து மாதத்தையும் கூட்டினால் 2026 ஏப்ரல் வரை இழுக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. அந்த ஐந்து மாதமும் ஏற்கெனவே நின்றிருந்த இரண்டாண்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது, இரட்டை எண்ணிக்கை கூடாது என்று சொல்லும். வலுவான வாதம் அது. ஆகவே புது வழக்கு என்பது ஓட்டைப் படகு. பழைய வழக்கு உயிர்பெற்றால் அதன் பிறந்த தேதி 2024 மார்ச்சாகவே இருக்கும், காலவரம்புப் பேச்சே எழாது.

உயிர்ப்பிக்கும் வழி, அதே ஃபெடரல் நடைமுறை விதிகளில் உள்ள விதி 60(b). தீர்ப்பு வந்த 28 நாளுக்குள் என்றால் விதி 59-இன் கீழ் மறுபரிசீலனை கேட்டிருக்கலாம். 30 நாளுக்குள் என்றால் மேல்முறையீடு செய்திருக்கலாம். இரண்டும் ஜூலையிலேயே கடந்துவிட்டன. விதி 60(b)(1), பிழை, கவனக்குறைவு, எதிர்பாரா நிகழ்வு, மன்னிக்கத்தக்க அசட்டை ஆகியவற்றுக்காகத் தீர்ப்பிலிருந்து விடுவிக்கக் கோர இடம் தருகிறது. அதற்கு இரண்டு கெடு உண்டு. நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும். எப்படியிருந்தாலும் ஓர் ஆண்டைத் தாண்டக் கூடாது. ஜூன் மாதம் வரை நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஓராண்டு என்பது வெளிவேலி மட்டுமே. வேலிக்குள்ளேயும் ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் காரணம் கேட்பார்கள்.

உங்கள் அப்பாவுக்கு யோசனை சொன்ன வக்கீல் தவறாகச் சொல்லவில்லை, அவர் நம் ஊர்ச் சட்டத்தைச் சொல்கிறார். இந்தியாவில் வாதி ஆஜராகாமல் தள்ளுபடியான வழக்கை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாம் கட்டளையின் கீழ் 30 நாளுக்குள் மனுப்போட்டுக் கோப்புக்கு எடுக்கலாம். 30 நாள் தவறினால் காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இருக்கவே இருக்கிறது, எத்தனை நாள் தாமதமானாலும் போதிய காரணம் காட்டிப் பொறுத்தருளக் கேட்கலாம். இங்கே அந்த இரண்டாவது மனு கிடையாது. விதி 60(b)-இன் கெடுவை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை என்று விதி 6(b)(2) வெளிப்படையாகச் சொல்கிறது. அப்பாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் வரும் யோசனைதான் என்றாலும், அதை நம்பி இன்னும் இரண்டு மாதம் போனால் மீட்க முடியாது.

மன்னிக்கத்தக்க அசட்டை எது என்பதற்கு 1993-இல் பயனியர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் தந்தது. எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு, எவ்வளவு தாமதம், தாமதத்தின் காரணம் அவர் கட்டுப்பாட்டுக்குள் இருந்ததா, நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டாரா என்பவற்றைப் பார்க்கச் சொன்னது. முதலாவது தம்பிக்கு மிகவும் சாதகம். எதிர்த்தரப்புக்கு இன்னும் அழைப்பாணையே சேர்ப்பிக்கப்படவில்லை. யாரும் வக்கீல் வைத்துச் செலவழிக்கவில்லை. சிறை மருத்துவப் பதிவேடுகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதில் பாதி சாதகம், பாதி சங்கடம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தனிமை அறையில் இருந்ததும், வழக்கு எண் எழுதிய காகிதம்கூட மே வரை கையில் இல்லாததும் அவர் கட்டுப்பாட்டை மீறியவை. சங்கடம் மே முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் இருக்கிறது. பெட்டி வந்த அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கு பிழைத்திருக்கக்கூடும். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி நீதிபதி நிச்சயம் கேட்பார். சிறைத் துறையே தெரிவித்துவிடும் என்று நினைத்தேன் என்பதை மட்டும் பதிலாக எழுதினால் எடுபடாது, ஏனென்றால் வழக்குப் பதிவானதும் அவருக்கு அனுப்பப்பட்ட முதல் உத்தரவிலேயே முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதை நீங்கள் அனுப்பிய பதிவேட்டின் நான்காம் வரியில் காண்கிறேன். அந்த முதல் உத்தரவுக்குப் பின் ஏறக்குறைய ஓராண்டு வரை நீதிமன்றத்திலிருந்து ஒரு சொல்லும் வராமலே இருந்ததால், இன்னும் சில மாதம் வராததையும் வழக்கமான தாமதம் என்றே எண்ணிவிட்டார் என்பது உண்மையானால் அதை எழுதட்டும். அது மனிதர்கள் நம்பக்கூடிய காரணம். அந்த மாதங்களில் காலில் மறுபடி புண், மருத்துவமனை, மருந்து என்று ஏதேனும் இருந்திருந்தால் அதையும் தேதியோடு எழுத வேண்டும். அக்டோபரில் உண்மை தெரிந்தபின் ஜனவரி வரை என்ன செய்தார், நூலகத்துக்கு எத்தனை முறை அனுமதி கேட்டார் என்பதும் வேண்டும். இல்லாததைச் சேர்க்க வேண்டாம். பொய்ச்சாட்சியாகும் என்பது ஒருபுறம், நல்லெண்ணம் என்ற நான்காம் அளவுகோலும் அதோடு போய்விடும்.

மனுவைவிட அதோடு இணைக்கும் காகிதங்கள் முக்கியம். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கில், வழக்கு தள்ளுபடியான கைதியின் எட்டுப் பக்க மனு எதையும் சாதிக்கவில்லை. இரண்டாம் முறை இணைத்த ஒற்றைத் தாள்தான் சாதித்தது. அது, என் சட்டக் காகிதங்கள் இன்னும் வரவில்லை என்று அவர் புதுச் சிறையில் கொடுத்த 602 படிவத்தின் நகல், வாங்கிக்கொண்ட அதிகாரியின் தேதி முத்திரையோடு. உங்கள் தம்பியும் பெட்டி வராததற்கு 602 கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நகல் தங்கம். அதோடு அவருடைய இடமாற்றப் பதிவு, தனிமை அறையில் வைத்த உத்தரவு, புதுச் சிறையின் சட்டத் தபால் பதிவேட்டில் அந்த மாதங்களில் எதுவும் வரவில்லை என்று காட்டும் பக்கம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கட்டும். நிகழ்ந்தவற்றைத் தேதிவாரியாகச் சொல்லும் ஒரு வாக்குமூலத்தை அவரே எழுதி, பொய்யானால் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்தோடு கையெழுத்திட்டால் போதும். ஃபெடரல் நீதிமன்றத்தில் அதற்கு நோட்டரி முத்திரை தேவையில்லை.

மனுவில் இன்னொன்றையும் அவர் சொல்ல வேண்டும். உத்தரவில் பாதகமின்றி என்று இருந்தாலும், காலவரம்பு கடந்துவிட்டதால் நடைமுறையில் இது வழக்கின் முடிவாகவே ஆகிவிடுகிறது என்பதை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான ஐந்தாம் வட்டார நீதிமன்றம், புது வழக்குக்குக் காலம் கடந்துவிட்ட நிலையில் பாதகமின்றித் தள்ளுபடி என்பதையும் பாதகத்தோடு கூடியதாகவே கொண்டு, வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கேட்கிறது. கலிபோர்னியா நீதிபதியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் எவ்வளவு பெரிய இழப்பு எவ்வளவு சிறிய தவறுக்கு என்ற ஒப்பீட்டை அது அவர் கண்முன் வைக்கும்.

கையெழுத்து விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அவருக்காகக் கையெழுத்திடக் கூடாது. வக்கீல் அல்லாதவர் இன்னொருவருக்காக வழக்காட முடியாது. வக்கீல் இல்லாதவர் தாக்கல் செய்யும் ஒவ்வொரு தாளிலும் அவரே கையெழுத்திட வேண்டும் என்று விதி 11 சொல்கிறது. உடன்பிறந்த பாசத்தில் நீங்கள் அவர் பெயரை எழுதிவிட்டால், நல்லெண்ணத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் கள்ளக் கையெழுத்து ஒன்று போய் நிற்கும். நீங்கள் செய்யக்கூடியவை வேறு நிறைய உண்டு: தட்டச்சு செய்து அனுப்பலாம், பதிவேட்டு நகல்களையும் திரும்பி வந்த மார்ச் உத்தரவையும் அச்செடுத்து அனுப்பலாம், தேதிகளைச் சரிபார்க்கலாம். உங்கள் கடிதம் சட்டத் தபாலாகக் கருதப்படாது, அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். அவர் கையெழுத்திட்ட மனுவைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்கு ஒப்படைத்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். 1988-இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில் மேல்முறையீட்டு அறிவிப்புக்காக வந்த இந்த விதியை ஒன்பதாம் வட்டாரம் கைதிகளின் மற்றத் தாக்கல்களுக்கும் நீட்டியிருக்கிறது. எந்த நாளில் ஒப்படைத்தார் என்ற ஒரு வரியை மனுவின் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி நல்ல செய்தி இல்லை. 1996-இல் வந்த கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, வறியவர் என்று அனுமதி பெற்ற கைதியும் 350 டாலரையும் தவணையில் கட்டியே தீர வேண்டும். கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும் மாதங்களில், முந்தைய மாத வரவில் 20 சதவீதம் பிடிக்கப்படும். நீங்கள் அனுப்பும் பணமும் வரவுதான். வழக்கு தள்ளுபடியானாலும் பிடித்தம் தொடரும். புது வழக்குப் போட்டால் இன்னொரு 350. 2016-இல் புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே 20 சதவீதம் என்று சொல்லிவிட்டதால், மாத வரவில் 40 சதவீதம் போகும். விதி 60(b) மனுவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பழைய வழக்கையே பிடித்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். அப்படியிருந்தும், பிப்ரவரி இறுதிக்குள் மனுவின் மீது உத்தரவு வராவிட்டால், ஏப்ரல் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்ள மார்ச்சில் ஒரு புது வழக்கையும் போட்டு வைப்பதே பாதுகாப்பு என்பேன். இரண்டு விரல் இழந்த வழக்குக்கு அந்த 350 டாலர் தகும்.

மூன்று முறை விதியைப் பற்றித் தம்பி பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அற்பமானது, தீய நோக்குடையது, சட்டப்படி வழக்கே ஆகாதது என்ற காரணங்களால் மூன்று வழக்குகள் தள்ளுபடியானவர், உடலுக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, தவணைச் சலுகையை இழப்பார் என்பது அந்த விதி. முகவரி தெரிவிக்காததால் வந்த இந்தத் தள்ளுபடி அந்த மூன்றில் அடங்காது. மனுவில் வழக்கே இல்லை என்று நீதிபதி முதலில் சொல்லி, திருத்த அவகாசம் கொடுத்து, திருத்தாததால் தள்ளுபடியாகியிருந்தால் கதை வேறு. ஒன்பதாம் வட்டாரம் 2017-இல் அதையும் ஒரு முறையாக எண்ணியது. இங்கே செவிலியர் மீதான வழக்கு ஏற்றது என்றே நீதிபதி எழுதியிருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

வக்கீல் கிடைப்பாரா என்றால், உறுதியில்லை. உரிமையியல் வழக்கில் கைதிக்கு அரசு வக்கீல் வைத்துத் தராது; விதிவிலக்கான சூழல் இருந்தால் நீதிபதி யாரையாவது கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. வென்றாலும் எதிர்த்தரப்பிடமிருந்து வாங்கக்கூடிய வக்கீல் கட்டணத்துக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருப்பதால் பலரும் தயங்குகிறார்கள். இருந்தாலும் மனுவோடு ஒரு வேண்டுகோளையும் இணைக்கட்டும். சர்க்கரை நோயும் விரல் அகற்றலும் மருத்துவ நிபுணரின் சாட்சியம் இல்லாமல் நிரூபிக்கக் கடினமானவை என்பது கேட்பதற்குத் தகுந்த காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு தாள் போக வேண்டும். வழக்கு எண், பெயர், கைதி எண், "என் புதிய முகவரி இது", தேதி, கையெழுத்து. மனு தயாராகும் வரை அதை நிறுத்தி வைக்காதீர்கள். தள்ளுபடியான வழக்கில் முகவரி எதற்கு என்று தம்பி கேட்டால், அவர் போடப்போகும் மனுவின் மீது நீதிபதி பிறப்பிக்கும் உத்தரவும் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும் என்று சொல்லுங்கள். அக்டோபரில் அவர் எழுதிய கடிதத்தின் உறையில் புது முகவரி இருந்ததென்றாலும், முகவரி மாற்றம் என்று தலைப்பிட்ட அறிவிப்பாக அது பதிவாகவில்லை என்பதை உங்கள் பதிவேட்டு நகலில் பார்த்தேன். அதன்பின், மனுவோடு திருத்திய வழக்குரையின் வரைவையும் இணைத்தே அனுப்பச் சொல்லுங்கள்: எந்தெந்தத் தேதிகளில் 7362 படிவத்தில் சிகிச்சை கேட்டார், எதை யார் வாங்கினார், புண்ணைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு அதிகாரிகளும் என்ன சொன்னார்கள் என்று பெயர்வாரியாக. மார்ச் உத்தரவு கேட்டது அதைத்தான்.